கரண்ட் ரயில் கடைசி ஒரு கிலோமீட்டரில் டீசலைத் தேடுவது ஏன்? வாலாஜாபாத் கார் ரயிலும், 1931-ல் மெட்ராஸ் ஓட்டிய பேட்டரி இன்ஜினும்

ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் தயாராகும் கார்கள் வட இந்தியாவுக்கு எப்படிப் போகின்றன? நெடுஞ்சாலையில் பார்க்கும் நீளமான கார் லாரிகள்தான் சட்டென்று நினைவுக்கு வரும். ஆனால், ஒரு பகுதி கார்கள் லாரியில் போவது வாலாஜாபாத் வரைக்கும் மட்டும்தான். செங்கல்பட்டு - காஞ்சிபுரம் - அரக்கோணம் பாதையில் இருக்கும் இந்தச் சின்ன ஸ்டேஷன், தெற்கு ரயில்வேயில் கார் ஏற்றும் முக்கியமான இடங்களில் ஒன்று. நேபாளத்துக்குப் போன ஹூண்டாய் கார்கள்கூட இங்கே ரயில் ஏறி, எல்லையை ஒட்டிய உத்தரப் பிரதேசத்தின் நௌதன்வா வரை சென்றிருக்கின்றன.

ஆலை இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரயில் பாதையே கிடையாது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாக கூடுவாஞ்சேரிக்குப் புதுப் பாதை என்ற பேச்சு பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது, ரயில்தான் ஓடவில்லை. அதனால் வாலாஜாபாத்துக்கு வேலை கூடிக்கொண்டே போகிறது.

இங்கேதான் ஒரு விசித்திரம். இந்தியாவின் அகலப்பாதையில் 95 சதவீதத்துக்கும் மேல் மின்மயமாகிவிட்டது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கரண்டிலேயே ஓடி வரும் சரக்கு ரயில், சரக்கு ஏற்றும் முற்றத்துக்குள் நுழையும் கடைசி ஒரு கிலோமீட்டரில் பல ஊர்களில் டீசல் இன்ஜினுக்காகக் காத்து நிற்கிறது. ஏன்?

முதலில், ஷண்டிங் என்றால் என்ன?

கார் ஏற்றும் ரயிலை வைத்தே பார்க்கலாம். ஓய்வு பெற்ற பயணிகள் பெட்டிகளை எடுத்து, ஜன்னல்களை அடைத்து, உள்ளே இருக்கைகளை அகற்றி, இரு முனைகளிலும் கதவு வைத்து கார் ஏற்றும் பெட்டிகளாக மாற்றியிருக்கிறது ரயில்வே. 'என்.எம்.ஜி' என்று இதற்குப் பெயர். ஒரு பெட்டிக்குச் சுமார் 5 கார், ஒரு ரேக்கில் 25 பெட்டி என்று வைத்தால் 125 கார். இரண்டு அடுக்கு கொண்ட புதிய வகை வேகன்களில் சின்னக் கார்களாக இருந்தால் ஒரே ரேக்கில் 300-க்கும் மேல் ஏற்றலாம்.

பழைய வகைப் பெட்டிகளில் கார்களை கிரேன் வைத்துத் தூக்கி வைப்பதில்லை. தண்டவாளம் முடியும் இடத்தில் ஒரு சாய்தளம் இருக்கும். டிரைவர் காரை அதில் ஏற்றி, கடைசிப் பெட்டிக்குள் நுழைத்து, பெட்டிக்குப் பெட்டி போட்டிருக்கும் இரும்புப் பலகைகளைத் தாண்டி, ரேக்கின் மறுமுனை வரை ஓட்டிக்கொண்டே போவார். ரயிலுக்குள்ளேயே கார் ஓட்டுவது! முதலில் ஏறிய கார் மறுகோடியில் நிற்கும். அதன் பின்னால் வரிசையாக மற்றவை.

இப்போது ஒரு கேள்வி. காலி ரேக்கை இழுத்து வரும் இன்ஜின் முன்னால்தானே இருக்கும்? அப்படியே முட்டுப் பாதைக்குள் போனால், சாய்தளத்துக்கும் முதல் பெட்டிக்கும் நடுவில் இன்ஜின் மாட்டிக்கொள்ளும். கார் எப்படி ஏறும்? ஆகவே இன்ஜினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாகச் சுற்றி வந்து, பின்பக்கம் மாட்டி, ரேக்கை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய் சாய்தளத்தின் வாயில் சரியாக நிறுத்த வேண்டும். ஏற்றி முடித்ததும் மறுபடி வெளியே இழுக்க வேண்டும். நடுவில் ஒரு பெட்டி பழுதானால் அதைப் பிரித்து ஓரம் கட்ட வேண்டும். இந்த இழுப்பு, தள்ளல், பிரிப்பு, சேர்ப்பு எல்லாம் சேர்ந்ததுதான் ஷண்டிங்.

வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் ரயில்வேயில் உடம்புக்கு ஆபத்தான வேலைகளில் இதுவும் ஒன்று. பாயின்ட்ஸ்மேன் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே புகுந்து கப்ளிங்கை மாட்டவும் கழற்றவும் வேண்டியிருக்கிறது. அவருக்கும் லோகோ பைலட்டுக்கும் நடுவில் இருப்பது கொடி, கைவிளக்கு, வாக்கி-டாக்கி. ஒரு சைகை பிசகினாலும் விபரீதம். பக்கத்தில் ஒரு டீசல் இன்ஜின் உறுமிக்கொண்டே நின்றால், சொல்வது காதில் விழுவதே கஷ்டம்.

சரி, முற்றத்துக்குள்ளும் கரண்ட் கம்பி போட்டுவிட வேண்டியதுதானே?

போடலாம், சில இடங்களில் போட்டும் இருக்கிறார்கள். ஆனால் மேலே ஓடுவது வீட்டுக் கரண்ட் கிடையாது, 25,000 வோல்ட். அதைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே போதும். மின்சாரம் பாயும் கம்பிக்கு 2 மீட்டருக்குள் யாரும் வேலை செய்யக் கூடாது என்பது ரயில்வேயின் அடிப்படை விதி. வேகன் மேல் ஏறி தார்ப்பாய் கட்டும் தொழிலாளி, நீளமான இரும்புக் கம்பியைத் தோளில் சுமப்பவர், கன்டெய்னரைத் தூக்கும் கிரேன் எல்லாமே அந்த எல்லைக்குள் வந்துவிடும். மேலிருந்து நிலக்கரியோ ஜல்லியோ கொட்டும் இடத்தில் கம்பி இருக்கவே முடியாது.

கம்பி இருக்கும் முற்றங்களில் ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். சரக்கு ஏற்றும்போது அதைத் திறந்து, அந்தப் பகுதிக் கம்பியை மட்டும் அணைத்து, மண்ணோடு இணைத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். இது ஒழுங்காக நடந்தால் பிரச்சனை இல்லை. அவசரத்தில் ஒருநாள் யாராவது மறந்தால்? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல முற்றங்கள் கம்பியே இல்லாமல் விடப்படுகின்றன. செலவும் ஒரு காரணம். நாளைக்கு இரண்டு முறை மட்டும் இன்ஜின் வந்து போகும் தண்டவாளத்துக்குக் கம்பம் நட்டு, கம்பி இழுத்துப் பராமரிப்பது கட்டுப்படியாகாது.

அங்கேதான் டீசல் ஷண்டிங் இன்ஜின் வருகிறது. இந்தியாவில் சித்தரஞ்சனில் தயாரான டபிள்யூ.டி.எஸ்-4, வாராணசியில் தயாரான டபிள்யூ.டி.எஸ்-6 போன்றவை பல பத்தாண்டுகளாக இந்த வேலையைச் செய்தவை. நல்ல உழைப்பாளிகள், சந்தேகமே இல்லை. ஆனால் நின்றாலும் குடிக்கும். பிரேக்குக்குத் தேவையான காற்றழுத்தம் குறையாமல் இருக்க வேண்டும், அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமா என்ற பயமும் உண்டு. அதனால் வேலை இல்லாத நேரத்திலும் இன்ஜினை ஓடவிட்டே வைத்திருப்பது பழக்கமாகிவிட்டது. ஷண்டிங் இன்ஜினின் ஒரு நாளில் பெரும்பகுதி காத்திருப்பதில்தான் போகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், எரியும் டீசலில் எவ்வளவு வீண் என்பது புரியும்.

மெட்ராஸ் கண்ட விடை

கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். இந்தப் பிரச்சனைக்குத் தமிழ்நாட்டிலேயே 90 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விடை ஓடிக்கொண்டிருந்தது.

1931-ல் மெட்ராஸ் பீச் - தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நடத்தியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. நீளம் சுமார் 29 கிலோமீட்டர், மேலே கம்பியில் 1,500 வோல்ட் டி.சி. மின்சாரம். சென்னைவாசிகளுக்குப் பழக்கமான புறநகர் ரயிலின் ஆரம்பம் இதுதான். வாலாஜாபாத்தும் அன்று அதே கம்பெனியின் மீட்டர் கேஜ் ஸ்டேஷன். ஆனால் அந்தப் பக்கம் ஓடியது நீராவி இன்ஜின்.

புறநகர் ரயிலைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதோடு கூடவே வந்த நான்கு இன்ஜின்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இங்கிலாந்தின் ஹாதார்ன் லெஸ்லி, இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனங்கள் 1930-ல் தயாரித்துக் கொடுத்தவை. பின்னாளில் இந்திய ரயில்வே இவற்றுக்கு வைத்த பெயர் ஒய்.சி.ஜி-1. 'ஒய்' என்றால் மீட்டர் கேஜ், 'சி' என்றால் டி.சி. மின்சாரம், 'ஜி' என்றால் சரக்கு. இந்தியாவின் முதல் மீட்டர் கேஜ் மின்சார இன்ஜின்கள் இவை.

கம்பெனி எதிர்கொண்ட சிக்கல் இன்றைக்கு இருப்பதேதான். மெயின் லைனுக்கு மேலே கம்பி போட்டாகிவிட்டது. சரக்கு முற்றங்களில், பக்கத்துக் கிளைத் தண்டவாளங்களில் கம்பி இல்லை. மின்சார இன்ஜின் சரக்கு ரயிலைக் கொண்டுவந்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டால், உள்ளே தள்ள ஒரு நீராவி இன்ஜினை நாள் முழுக்க நெருப்பு அணையாமல் வைத்திருக்க வேண்டும்.

இதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு எளிமையானது. நீராவி இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் கொண்ட ஒரு 'டெண்டர்' வருமல்லவா? அதே மாதிரி இந்த மின்சார இன்ஜினுக்கும் ஒரு டெண்டர். உள்ளே கரிக்குப் பதில் பேட்டரி. கம்பி இருக்கும் இடத்தில் தலைக்கு மேல் இருக்கும் பேன்டோகிராப் வழியாக மின்சாரம் எடுக்கும். கம்பி முடிந்த இடத்தில் டெண்டரிலிருந்து எடுத்துக்கொண்டு முற்றத்துக்குள் போகும். ரயிலைக் கொண்டுவரவும் உள்ளே தள்ளவும் ஒரே இன்ஜின்.

பேட்டரியால் ரயிலை இழுக்க முடியுமா?

இந்தச் சந்தேகம் வராதவர்கள் குறைவு. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெளிந்துவிடும்.

ஒரு கார் ரேக்கின் மொத்த எடை 1,000 டன் என்று வைத்துக்கொள்ளலாம். சமதளத் தண்டவாளத்தில் மெதுவாக உருளும் பெட்டியை நகர்த்த, டன்னுக்குச் சுமார் 4 கிலோ விசை போதும் என்று தோராயமாகக் கொள்வோம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது தடை அவ்வளவு குறைவு. அப்படியானால் 1,000 டன்னுக்கு 4 டன் விசை. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் இதைத் தொடர்ந்து தள்ளச் சுமார் 110 கிலோவாட், அதாவது 150 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு. அவ்ளோதான். ஒரு நல்ல எஸ்.யூ.வி. காரின் இன்ஜின் அளவு!

ஒரு கிலோமீட்டர் தள்ள எவ்வளவு மின்சாரம் ஆகும்? இதே கணக்குப்படி சுமார் 11 யூனிட். நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்க இன்னும் ஒரு யூனிட். மோட்டாரிலும் வயரிலும் வீணாவதைச் சேர்த்து 15 யூனிட் என்றாலும், வீட்டு ஏ.சி. இரண்டு நாள் இரவு ஓடும் அளவுதான்.

அப்புறம் எதற்கு ஷண்டிங் இன்ஜின் அவ்வளவு பெரிதாக இருக்கிறது? திறனைவிட எடை முக்கியம் என்பதால்தான். நிற்கும் 1,000 டன்னை அசைக்கும் முதல் நொடியில் சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு இன்ஜின் கனமாக இருக்க வேண்டும். காரிலும் விமானத்திலும் பேட்டரியின் எடை ஒரு சாபம். ஷண்டிங் இன்ஜினுக்குள்ளேயே வைத்தால் அதுவே வரம். எப்படியும் இரும்புக் கட்டிகளை வைத்து எடை கூட்ட வேண்டிய இடத்தில் பேட்டரியை வைத்தால் இரண்டு வேலையும் நடக்கும்.

மின்சார மோட்டாருக்கு இன்னொரு குணமும் உண்டு. சுழல ஆரம்பிக்கும்போதே முழு இழுவிசையையும் கொடுக்கும். டீசல் இன்ஜினிலும் சக்கரத்தைச் சுழற்றுவது பெரும்பாலும் மின் மோட்டார்தான், டீசல் வெறும் ஜெனரேட்டரை ஓட்டுகிறது. அந்த ஜெனரேட்டரின் இடத்தில் பேட்டரியை வைப்பதில் புரட்சிகரமான தொழில்நுட்பம் எதுவும் இல்லை என்பதே உண்மை.

சோவியத்தும் முயன்றது

இந்தத் தேடல் மெட்ராஸோடு நிற்கவில்லை. பெரும் பரப்பில் ரயில் பாதைகளை மின்மயமாக்கிய சோவியத் யூனியன், 1960-களில் ஷண்டிங்குக்கென்றே மின்சார இன்ஜின்களைத் தயாரித்துப் பார்த்தது. இன்றைய உக்ரைனில் இருக்கும் நீப்ரோபெத்ரோவ்ஸ்க் ஆலையில் வி.எல்-41 என்ற இன்ஜின் உருவானது. 25,000 வோல்ட் கம்பியில் ஓடும் ஷண்டிங் இன்ஜின். அடுத்து அதே ஆலை, கம்பியிலும் பேட்டரியிலும் ஓடும் வி.எல்-26 என்ற இன்ஜினையும் செய்தது. யோசனை கிட்டத்தட்ட மெட்ராஸ் இன்ஜினின் அதே யோசனைதான்.

இரண்டுமே பரவவில்லை. வி.எல்-41 வேலை செய்ய வேண்டுமென்றால் முற்றத்தின் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் மேலே கம்பி வேண்டும். வி.எல்-26 கைவிரல் எண்ணிக்கையில் நின்றுபோனது. அன்றைய ஈய-அமில பேட்டரி கனம், பராமரிப்பு அதிகம், ஆயுள் குறைவு. அதே காலத்தில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ச்மே-3 என்ற டீசல் ஷண்டிங் இன்ஜின் வந்து இறங்கியது. ஒன்றிரண்டு இல்லை, 7,000-க்கும் மேல். டீசல் மலிவாகக் கிடைத்த நாட்டில் பேட்டரிக்காக மெனக்கெட யாருக்கும் தேவை இருக்கவில்லை.

மெட்ராஸ் இன்ஜின்கள் என்ன ஆயின?

பேட்டரியால் அவை ஓயவில்லை. கம்பியில் ஓடும் மின்சாரம் மாறியதால் ஓய்ந்தன. 1950-களின் இறுதியில் இந்திய ரயில்வே 25,000 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தைத் தேர்ந்தெடுத்தது. 1960-களில் தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம் வரை மின்மயமானபோது இந்த முறைதான் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பீச் - தாம்பரம் கம்பியும் ஏ.சி.க்கு மாறியது. 1,500 வோல்ட் டி.சி.க்காகச் செய்த இன்ஜினை அந்தக் கம்பியின் கீழ் ஓட்ட முடியாது. உள்ளே டிரான்ஸ்பார்மர், ரெக்டிபையர் என்று பாதி இன்ஜினைப் புதிதாகச் செய்ய வேண்டும். நான்கே நான்கு இன்ஜினுக்கு யார் செய்வார்கள்? ஜப்பானின் மிட்சுபிஷி தயாரித்த ஒய்.ஏ.எம்-1 இன்ஜின்கள் இடத்தைப் பிடித்தன. அவற்றை சென்னையில் மீட்டர் கேஜ் இருந்தவரை, இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

சுமார் 35 ஆண்டு உழைத்த ஒய்.சி.ஜி-1 இன்ஜின்களில் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அது ஓடிய ஊரான சென்னையில் இருந்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

மும்பைக் கதை வேறு மாதிரி. அங்கே டி.சி. மின்சாரம் 2010-கள் வரை நீடித்தது. அதனால் 1920-களின் இறுதியில் மலைப்பாதைக்காக வந்த, 'முதலை' என்று செல்லப் பெயர் பெற்ற டபிள்யூ.சி.ஜி-1 இன்ஜின்கள், வயதான பிறகு ஷண்டிங் வேலைக்கு இறக்கப்பட்டு இன்னும் பல ஆண்டு ஓடின. எந்த இன்ஜின் எவ்வளவு காலம் வாழும் என்பதைத் தலைக்கு மேலே போகும் கம்பிதான் முடிவு செய்கிறது.

இப்போது என்ன நடக்கிறது?

2020-ல் மேற்கு மத்திய ரயில்வேயின் ஜபல்பூர் கோட்டம் 'நவ்தூத்' என்ற ஷண்டிங் இன்ஜினை அறிமுகப்படுத்தியது. கம்பி இருந்தால் கம்பியில், இல்லாவிட்டால் பேட்டரியில் ஓடும். அப்போது பல செய்திகளில் இது புத்தம்புதிய யோசனை போலவே சொல்லப்பட்டது. பரவாயில்லை, யோசனை பழையது என்றாலும் சூழல் புதியது. மெயின் லைனிலிருந்து வயதாகி ஒதுங்கும் டபிள்யூ.ஏ.ஜி-5 போன்ற மின்சார இன்ஜின்கள் ஏராளமாக இருக்கின்றன. மெயின் லைன் சரக்கு வேகத்துக்கு அவை தோதில்லை என்றாலும், சட்டமும் சக்கரமும் மோட்டாரும் நன்றாக இருக்கும் இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போடுவதைவிட, உள்ளே பேட்டரி வைத்து ஷண்டிங்குக்கு விடுவது புத்திசாலித்தனம்.

இன்னொரு பெரிய வசதி, சார்ஜ் போடத் தனி இடம் தேவையில்லை. ஷண்டிங் இன்ஜின் காத்திருக்கும் நேரம் அதிகம் என்று பார்த்தோமே, அந்த நேரத்தில் மெயின் லைன் பக்கம் வந்து கம்பிக்குக் கீழே நின்றால் போதும். டீசல் இன்ஜின் வீணடிக்கும் அதே நேரத்தில் இது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். ஐரோப்பாவில் சில மின்சார இன்ஜின்களில் சின்ன டீசல் இன்ஜின் ஒன்றையும் உள்ளேயே பொருத்தி, கடைசி தூரத்துக்கு மட்டும் அதை ஓட்டுகிறார்கள். அதுவும் ஒரு வழிதான்.

எல்லா முற்றத்துக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. இரவு பகலாகப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பெரிய யார்டுகளில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அங்கே கம்பியோ டீசலோதான் இன்னும் சில காலம். காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஏப்ரல், மே வெயிலில் பேட்டரியின் ஆயுள் குறையும், ஈய-அமில பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். லித்தியம் என்றால் விலை. ஆனால் நாளைக்கு ஒன்றிரண்டு ரேக் வந்து போகும், தூரம் குறைவான கார் ஏற்றும் முற்றம் மாதிரியான இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான இன்ஜின் வேறு இல்லை. சத்தம் குறைவு என்பதால் பெட்டிகளுக்கு நடுவே நிற்கும் பாயின்ட்ஸ்மேனுக்கு வாக்கி-டாக்கியில் சொல்வது கேட்கும். சாய்தளத்தில் வரிசையாக நிற்கும் கார் டிரைவர்களும் புகையைக் குடிக்க வேண்டியதில்லை.

2030-க்குள் நிகர பூஜ்ய கார்பன் என்ற இலக்கை ரயில்வே வைத்திருக்கிறது. மெயின் லைன் கிட்டத்தட்ட முடிந்த நிலையில், மிச்சம் இருப்பதில் ஒன்று இந்த மாதிரி முற்றங்களில் எரியும் டீசல். கார் கம்பெனிகளும் இப்போது ஆலைக்குள்ளேயே தண்டவாளம் போடுகின்றன. மாருதி சுசுகியின் குஜராத் ஆலைக்குள் 2024 மார்ச்சிலும், ஹரியாணாவின் மானேசர் ஆலைக்குள் 2025 ஜூனிலும் ரயில் சைடிங் தொடங்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் பாதை என்றைக்காவது வந்தால் இங்கேயும் அப்படி நடக்கலாம். அதுவரை ஒரகடம் கார் லாரியில் ஏறி, வாலாஜாபாத்தில் இறங்கி, சாய்தளம் வழியாக ரேக்குக்குள் போய்க்கொண்டிருக்கும்.